கப்பலில் இருக்கிறான்

எக்ஸ்ரே எடுக்கிற பெண் குடி வந்தால் கதிர்வீச்சும் கூடவே குடி வந்துவிடுமா என்று கேட்டவர் ஒரு பேக்கரிக்காரர். அவருடைய மாடிப் பகுதி காலியாக இருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தோம். அவர் மகளுக்கு ஏழாவது மாதமாம். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க துணியில, தலைமுடியில ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு வருமோன்னு..." என்று இழுத்தார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அவர் முகம் சுருங்கிவிட்டது. இரண்டு நாளில் சொல்கிறேன் என்றார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

அது நாங்கள் பார்த்த ஆறாவது வீடு. நாங்கள் என்றால் நானும் என் மாமியாரும். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

என் கணவர் ஏசி மெக்கானிக். நாங்கள் வீடு தேட ஆரம்பிப்பதற்கு ஒன்றரை வருடத்துக்கு முன்னால், யாரோ ஒருவர் வீட்டில் ஏசியைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர், ஸ்டூலிலிருந்து இறங்கி, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்டு, தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். முப்பத்தொன்பது வயது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். ஸ்ட்ரெச்சர் என் எக்ஸ்ரே அறையைத் தாண்டித்தான் போனது. உள்ளே ஒரு பெரியவருக்கு முழங்கால் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே சக்கரச் சத்தம் கேட்டது. தினம் கேட்கிற சத்தம்தானே என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் அதே அறையில், அதே சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். ஒரு கட்டத்துக்கு மேல் முடியவில்லை. முன்பின் தெரியாத இந்த நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் வந்திருந்தது. போட்டேன், கிடைத்தது. அத்தைக்கு என் கணவர் ஒரே பிள்ளை. எங்களுக்குக் குழந்தை இல்லை. "நீ எங்க போறியோ நானும் அங்கேயே வரேம்மா" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அத்தை முன்பு அப்படி இல்லை. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் இருந்தவர். அத்தனை மிஷின்களின் இரைச்சலுக்கும் மேலே கேட்கும்படி பேசிப் பழகிய குரல். பக்கத்து வீட்டுக்காரர்கள் ரேடியோ வாங்கவே வேண்டாம் என்று என் கணவர் கேலி செய்வார். அவர் போன பிறகு அந்தக் குரல் வற்றிவிட்டது. 'ம்', 'சரி', 'வேணாம்'. அவரைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அத்தை அழுது நான் பார்த்ததும் இல்லை. அன்று காலை நடந்ததை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு இருந்தது. அத்தைக்கு என்ன இருந்தது என்று நான் யோசித்ததில்லை.

புது ஆஸ்பத்திரியில் விருந்தினர் அறை ஒன்றை ஒரு மாதத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு ஆளுக்கான அறை. வார்டன் அத்தையைக் கண்டும் காணாமல் விட்டிருந்தார். அதற்குள் வீடு பிடித்தாக வேண்டும்.

புரோக்கருக்கு நான் வைத்த பெயர் 'ஒரு நிமிஷம்'. போனை எடுத்தால் ஒரு நிமிஷம் என்பார். படி ஏறும்போது ஒரு நிமிஷம், சாவி தேடும்போது ஒரு நிமிஷம். ஒவ்வொரு நிமிஷமும் இருபது நிமிஷத்துக்குக் குறையாது. ஆனால் நல்ல மனிதர். என் டியூட்டி முடிகிற நேரத்துக்கு ஸ்கூட்டரோடு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பார். அத்தை அவர் பின்னால் உட்கார்ந்துகொள்வார். நான் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொள்வேன்.

ஒரு வீட்டில் குளியலறைக் கதவைத் திறந்தால் சமையலறைக் கதவைத் திறக்க முடியாது. அந்த வீட்டுக்குக்கூட நாங்கள் லாயக்கில்லாமல் போனோம். "ஆம்பளை யாருமே இல்லையா? ஒரு பல்பு மாத்தணும்னாகூட ஆள் வேணுமே" என்றார் அந்த வீட்டுக்காரர். பல்பு என்ன, ஸ்விட்ச் போர்டையே நான் மாற்றுவேன் என்றேன். "அதுக்கில்லம்மா" என்றார். எதுக்கு என்று சொல்லவில்லை. இன்னொரு இடத்தில் எனக்கு ராத்திரி டியூட்டி உண்டு என்றதும் கேட்டைப் பூட்டும் நேரத்தைச் சொன்னார்கள். வேறொரு வீட்டுக்காரர் அத்தையை ஏற இறங்கப் பார்த்து, "மாடிப்படி செங்குத்தா இருக்கு. வயசானவங்க விழுந்து வெச்சா எங்க தலையிலதான் விடியும்" என்றார். அத்தை படியில் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறி இறங்கினார். கைப்பிடியைத் தொடவே இல்லை. கடைசிப் படியில் நின்று, மூச்சு வாங்குவதை மறைக்க வாயை மூடிக்கொண்டு அந்த ஆளைப் பார்த்தார். அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அன்று டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது புரோக்கர் மெதுவாக ஆரம்பித்தார்.

"மேடம், நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. சார் வெளியூர்ல வேலை பார்க்கறார்னு ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான். வீடு கைக்கு வந்துடும்."

"இல்லாதவரை இருக்கார்னு எப்படிங்க சொல்றது?"

"சரி மேடம், வேணாம். ஒரு நிமிஷம்" என்று எழுந்துபோய் டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தார். அத்தை தம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது வீடு ஒரு தெருவின் கடைசியில் இருந்தது. ஒல்லியான இரண்டடுக்குக் கட்டடம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். மேலே ஒரு கூடம், ஒரு படுக்கையறை, காலை வெளிச்சம் நேராக விழும் சமையலறை, ஒரு நாற்காலி மட்டும் போடக்கூடிய பால்கனி. பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது. அத்தை சமையலறை ஜன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் கையை எடுக்க அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது.

வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பேசினாலும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது காதால் கேட்பார். அவர் பேசும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும்.

"குடும்பமா இருந்தாதான் தருவேன். என் பையன் கண்டிப்பாச் சொல்லிட்டான். அவன் வெளிநாட்டுல இருக்கான், இங்க நான் ஒண்டியா இருக்கேன் பாருங்க, அதனால" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் அத்தையின் குரல் வந்தது.

"கப்பல்ல இருக்கான்."

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை.

"என் பையன்தான். சரக்குக் கப்பல்ல ஏசி மெக்கானிக். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிசு."

"கப்பல்லகூட ஏசி உண்டா?"

"மனுஷங்க இருக்கற இடத்துல எல்லாம் உண்டு" என்றார் அத்தை. பழைய குரல். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரல். புரோக்கர் சட்டைப் பையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

விருந்தினர் அறைக்குத் திரும்பியதும் கேட்டேன். "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

அத்தை கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். "கால் வலிக்குதும்மா" என்றார். அந்த வார இறுதியில் குடி போனோம்.

சாயங்காலம் நாலு மணி ஆனால் வீட்டுக்காரம்மா கீழேயிருந்து குரல் கொடுப்பார். அத்தை இறங்கிப் போவார். முதல் வாரம் ஒரு தம்ளர் டீ குடிக்கிற நேரம் இருந்தார். இரண்டாவது வாரம் நான் டியூட்டி முடிந்து வரும்போதும் கீழேதான் இருந்தார். மூன்றாவது வாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்றரை வருடமாக நான் கேட்காத சத்தம். படியிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

பேச்செல்லாம் கப்பல்காரரைப் பற்றித்தான். அது வீட்டுக்காரம்மா மூலமாக எனக்கு வந்து சேரும். "உங்க வீட்டுக்காரருக்கு மீன் வாசனையே ஆகாதாமே? கப்பல்ல இருந்துக்கிட்டு மனுஷன் என்னதான் பண்றார்?" என்று ஒருநாள் வழிமறித்துக் கேட்டார். அவருக்கு மீன் ஆகாது என்பது நிஜம். அத்தை நிஜத்தை எடுத்துத்தான் கப்பலில் ஏற்றியிருந்தார். இன்னொரு நாள், "பள்ளிக்கூடத்துல பாட்டுப் போட்டிக்குப் போயி, ரெண்டாவது வரி மறந்துபோயி, முதல் வரியையே நாலு தடவை பாடிட்டு இறங்கினாராமே!" என்றார். எனக்கு அது தெரியாது. பதினோரு வருடம் கூட வாழ்ந்தேன், அவர் பாடுவார் என்றே எனக்குத் தெரியாது. என் கணவரைப் பற்றி யாரோ ஒருவர் எனக்குச் சொல்ல, நான் தெரிந்த மாதிரி தலையாட்டிக்கொண்டு மாடி ஏறினேன்.

அத்தை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. பொய் கொண்டுவந்த சதை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். ஒருநாள் வீட்டுக்காரம்மா, "எப்போதான் வரார் உங்க ஆள்?" என்று கேட்டபோது, "அடுத்த வருஷம் வந்துடுவார்" என்று என் வாயும் சொன்னது. சொன்ன அந்த ஒரு விநாடி, அடுத்த வருஷம் என்று ஒன்று நிஜமாகவே இருப்பது போல் நெஞ்சு லேசாக இருந்தது. அதனால் அத்தையை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை டியூட்டி முடிந்து மதியம் வந்தேன். படியில் பாதி ஏறும்போது பால்கனியிலிருந்து அத்தையின் குரல் கேட்டது.

"சாப்பிட்டியா?... என்னது, சத்தமாப் பேசு, காத்து அடிக்குது போல... சரி சரி. அவ டியூட்டிக்குப் போயிருக்கா. வந்ததும் சொல்றேன்... நீ வெயில்ல தலைக்குத் துண்டு போட்டுக்காம நிக்காதடா."

கூடத்துக்கு வந்து எட்டிப் பார்த்தேன். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தார். போன் அணைந்து கறுப்பாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"யார்கிட்ட அத்தை பேசினீங்க?"

"கீழ அக்காவுக்குக் கேக்கணும்ல. ஞாயித்துக்கிழமை பேசுவான்னு சொல்லி வெச்சுட்டேன்."

"அவங்க கீழ இல்லையே. இப்போதான் மருந்துக் கடையில பார்த்துட்டு வரேன்."

அத்தை போனைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"அவர் செத்துட்டார் அத்தை."

அந்தச் சொல்லை நான் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லோரிடமும் 'தவறிட்டார்', 'இல்லை' என்றே சொல்லி வந்திருந்தேன்.

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. எழுந்து உள்ளே போய் எனக்குச் சாப்பாட்டைச் சூடு பண்ணினார். அன்றைக்கே பேசியிருக்க வேண்டும். பசிக்கவில்லை என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டு, படுத்துவிட்டேன்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் நாலு மணிக் குரல் நின்றுபோனது. கீழே ஜன்னல் திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று இரண்டு தடவை போய்க் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்று கதவைப் பாதி திறந்து சொன்னார். மூன்றாவது நாள் எனக்கு விடுமுறை. மதியம் வீட்டுக்காரம்மாவே மாடி ஏறி வந்தார். நாங்கள் குடி வந்ததிலிருந்து அவர் படியேறி வந்ததே இல்லை.

"கண்ணாடியைக் கீழ வெச்சுட்டேன். இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று போனை என்னிடம் நீட்டினார். கண்ணாடி அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் மகன் அனுப்பிய செய்தி. நான் வாய்விட்டுப் படித்தேன். பாதியில் நிறுத்தியிருக்க வேண்டும், முடியவில்லை. 'எப்போ பார்த்தாலும் மாடி வீட்டுப் பையன், மாடி வீட்டுப் பையன். அவனையே உன் பையனா வெச்சுக்கோ. இனிமே எனக்குப் போன் பண்ணாதே.'

"பன்னெண்டு நாளாச்சு" என்றார் வீட்டுக்காரம்மா. "பண்ணினா எடுக்க மாட்டேங்கறான். நான் என்ன தப்பாக் கேட்டுட்டேன்? நடுக்கடல்ல இருக்கற பிள்ளையே வாரா வாரம் அம்மாகிட்டப் பேசுது, உனக்குத் தரையில இருந்துக்கிட்டு முடியலையான்னு கேட்டேன். அதுவும் ஒரு தடவை இல்ல, நிறைய தடவை கேட்டுட்டேன். அதான் தப்பு. முப்பத்தோரு வருஷம் ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தேன். எனக்கு ஒரு லைன் கிடைக்க மாட்டேங்குது."

அத்தை சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா, உக்காருங்க."

"இருக்கட்டும்."

"உக்காருங்க அக்கா. ஒண்ணு சொல்லணும்."

நான் அத்தையின் கையைப் பிடித்தேன். எதற்குப் பிடித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. தடுக்கவா, தாங்கவா. அத்தை விடுவித்துக்கொண்டார்.

"என் பையன் கப்பல்ல இல்ல. அவன் எங்கேயும் இல்ல அக்கா. செத்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது. வீடு கிடைக்கலேன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அப்புறம் நிறுத்தத் தெரியல."

வீட்டுக்காரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சரியாகக் கேட்காத போன் பேச்சைக் கேட்கிற மாதிரி.

"வாரா வாரம் பேசினது?"

"நான்தான் பேசினேன்."

"அந்தப் பக்கம்?"

அத்தை தலையை மட்டும் ஆட்டினார்.

நாற்காலி அப்படியே கிடந்தது. வீட்டுக்காரம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது கதவருகே நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கம்மா."

அன்று சாயங்காலம் நான் மட்டும் கீழே போனேன். கெஞ்சத்தான் போனேன்.

"பொய் சொன்னது தப்புதான்மா. மன்னிச்சுடுங்க. அத்தையால இன்னொரு தடவை வீடு வீடா ஏறி இறங்க முடியாது."

"பொய்க்காக இல்ல" என்றார். "என் காதுல விழாத பொய்யா? அது இல்ல. ஞாயித்துக்கிழமை ஆனா, எங்கேயும் போகாத நாள்ல, இந்த ஜன்னல் கிட்ட நாற்காலியைப் போட்டுக்கிட்டு மேல பேசறதைக் கேட்டுக்கிட்டு இருப்பேன். எவ்வளவு அக்கறையாப் பேசறா, அவனும் எவ்வளவு நேரம் பேசறான்னு. வயிறு எரியும். ஒரு செத்துப்போன பிள்ளையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கேன். அதுக்காக இருக்கற பிள்ளையைத் திட்டியிருக்கேன். உங்க ரெண்டு பேரையும் பார்க்கறப்பல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். என்னால முடியாதும்மா."

"உங்க பையன்கிட்ட நான் வேணா பேசட்டுமா? நடந்ததை எடுத்துச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவே?" என்றார். "செத்துப்போன ஒருத்தரோட உன்னை ஒப்பிட்டுட்டாங்கன்னா?"

நான் படியேறி மாடிக்கு வந்துவிட்டேன்.

மறுபடி 'ஒரு நிமிஷம்' வந்தார். இந்தத் தடவை அவர் எந்த யோசனையும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் நின்றதும், யாரும் கேட்பதற்கு முன்பே அத்தை சொல்லிவிடுவார்: "என் பையன் இறந்துட்டான். நானும் மருமகளும் மட்டும்தான். அவளுக்கு ராத்திரி டியூட்டி உண்டு." மனப்பாடம் பண்ணிய குழந்தை ஒப்பிப்பது போல. சிலர் ஐயோ பாவம் என்றார்கள். ஐயோ பாவம் என்றவர்கள் யாரும் வீடு தரவில்லை. மழையில் நனைந்து, ஸ்கூட்டரில் போய்ப் போய் அத்தைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு சலவைக் கடைக்கு மேலே ஒன்றரை அறை காலியானது. கடைக்காரப் பெண் இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

அத்தை ஆரம்பித்தார். "என் பையன்..."

"எத்தனை பேர்னுதான் கேட்டேன்."

"ரெண்டு."

"தண்ணி அளவா செலவு பண்ணுங்க. சாவி அந்த ஆணியில இருக்கு."

அவ்வளவுதான். அத்தனை வீடு ஏறி இறங்கியதற்கு, கடைசியில் அவ்வளவுதான்.

காலி பண்ணிய அன்று கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சாமான் ஏற்றியதும் அத்தை அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றார். "அக்கா, சாவியை ஜன்னல்ல வெச்சிருக்கேன்" என்றார். உள்ளே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. "உங்க பையன் பேசுவான் அக்கா" என்றார் அத்தை. பிறகு, அதைச் சொல்லத் தனக்கு என்ன அருகதை என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று திரும்பி வண்டியில் ஏறிக்கொண்டார். அந்த மகன் பேசினானா என்று எங்களுக்குத் தெரியாது. மாடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது என்று பல மாதம் கழித்துப் புரோக்கர் சொன்னார்.

சலவைக் கடைக்கு மேல் வீடு என்றால், தரை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஜன்னல் வழியாகச் சோப்பு நெடியும் நீராவியும் ஏறி வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடை கிடையாது. தரை குளிர்ந்து கிடக்கும், ஒரு சத்தமும் இருக்காது. குடி வந்த இரண்டாவது ஞாயிறு, மதியச் சாப்பாடு முடிந்து, அத்தை கீழேயிருந்து வாங்கி வந்திருந்த சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நான் யூனிஃபார்மை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்குக் காலையில அவன் என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. ஊசி நின்றிருந்தது.

"ரெண்டு துண்டு ரொட்டி. அதுலயும் ஒண்ணை அப்படியே வெச்சுட்டார்" என்றேன். இதற்கு மேல் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. எத்தனை நாள் இருப்பது? "நெஞ்சு எரியுதுன்னு சொன்னார் அத்தை. இங்கேன்னு கையை வெச்சுக் காட்டினார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. வாயுவா இருக்கும்னு சொல்லி ஒரு மாத்திரையைக் குடுத்துட்டு ஓடிட்டேன். தினம் நூறு நெஞ்சைப் படம் எடுக்கறேன். என் வீட்டுல இருந்த ஒரு நெஞ்சை நான் பார்க்கல. வாங்க, என்கூடவே ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அத்தை திட்டுவார், அடிப்பார், எழுந்து போய்விடுவார், எதுவானாலும் சரி என்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அத்தை மடியிலிருந்த சட்டையை ஒருமுறை நீவிவிட்டார்.

"முந்தின நாள் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணினான். நான் அப்போ என் தங்கச்சி வீட்டுல இருந்தேன்ல. இடது கை கனமா இருக்கும்மான்னு சொன்னான். ஏணியைத் தூக்கிக்கிட்டு அலையற, கை கனக்காம என்ன பண்ணும், வெந்நீர் ஒத்தடம் குடுத்துட்டுத் தூங்குன்னு சொன்னேன். தங்கச்சி சாப்பிடக் கூப்பிட்டா. அப்புறம் பேசறேன்டான்னு வெச்சுட்டேன்." அத்தை ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தார். "உன்கிட்ட சொன்னா நீ என்னைக் கூட வெச்சுக்க மாட்டேன்னு நினைச்சேம்மா."

"அத்தை!"

"அப்புறம் பேசறேன்னு சொன்னேன்ல. அதான் பேசிக்கிட்டே இருந்தேன்."

அப்போதுதான் அத்தை அழுதார். நெஞ்சிலிருந்து வராமல் அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. மடியிலிருந்த யாரோ ஒருவருடைய சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார். நான் நகர்ந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லித் தேற்றுவது? எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாத எதை அவருக்குச் சொல்வது? எங்கள் இரண்டு பேரில் யார் கவனித்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார். பிழைக்காமலும் போயிருக்கலாம். அதைப் படம் எடுத்துப் பார்க்க முடியாது.

வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கும்வரை அப்படியே இருந்தோம். பிறகு அத்தை முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தச் சட்டையை விரித்துப் பார்த்தார். காலரெல்லாம் நனைந்திருந்தது.

"இதைத் துவைச்சுப் போடணும். நாளைக்குக் கேப்பா" என்றார்.

"குடுங்க, நான் துவைக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு எழுந்தேன்.